நாலாவது படம்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தின் சாப்பாட்டு அறையில் தினமும் ஓடுகிற சண்டை ஒன்றுதான். கட்டத்துக் காயைத் தாவி வெட்டும் செக்கர்ஸ் ஆட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார்? வெளி உலகத்தில் யார் யாரோ ஆடி, கோப்பை வாங்கியிருக்கலாம். அதெல்லாம் இவர்கள் கணக்கில் சேராது. இவர்களுக்கு ஆட்டம் என்றால் இந்த அறை, சுவரில் தொங்கும் மூன்று படங்கள், கிழிந்த படுக்கை விரிப்பில் துவைத்தாலும் போகாத மையால் கட்டம் போட்டுப் பலகையில் ஒட்டிய துணி. காய்கள், துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியில் சிக்கிய பொத்தான்கள். எந்த டாக்டர் கோட்டிலிருந்து எது விழுந்ததோ தெரியாது, யாரும் தேடி வந்ததும் இல்லை.

முதல் படம் பாய்லர்காரர். அவர் உட்கார்ந்து ஆடியதே இல்லையாம். ஒரு கண் பலகையில், ஒரு கண் வாசல் வழியே தெரியும் பாய்லரின் அழுத்த முள்ளில், நின்றபடியே இரண்டு பேரை ஒரே நேரத்தில் மண்ணைக் கவ்வ வைப்பாராம். இதைச் சொல்வது கிழிந்த துணி தைக்கும் தையல்காரர். பாய்லர்காரர் அவருடைய மாமனார் என்பதால் இந்தக் கதையில் தோற்பவர் வருஷத்துக்கு ஒருவர் கூடிக்கொண்டே வந்தார். இரண்டாவது படம் வேன் டிரைவர். நாற்பது ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தவர். "வேலைக்கு ஓடுற அவசரத்துல இருக்கிறவனாப் பார்த்து இழுத்து உட்கார வெச்சா நானூறு கூட ஜெயிக்கலாம்" என்பார் தையல்காரர். மூன்றாவது மருந்து ஸ்டோர்காரர். ஒரு காயை நகர்த்த அரைமணி நேரம் யோசிப்பார். எதிரே இருப்பவன் பசி தாங்காமல் தப்பாக ஆடிவிட்டுச் சோற்றுக்கு ஓடுவான்.

இவர்கள் மூவரும் இப்போது இங்கே இல்லை. இருப்பது பெரியக்கா.

பெரியக்கா இஸ்திரிப் பகுதி. வயது ஐம்பத்தாறு, ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். ஆட்டத்துக்கு இங்கே ஒரே சட்டம்: தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும், ஜெயித்தவர் மறுநாளும் அதே நாற்காலியில் உட்காரலாம். பதினொரு மாதமாக அவளை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் எழுப்ப முடியவில்லை.

அவளுக்கு அந்த அரைமணி நேரம் வெறும் விளையாட்டு இல்லை. வீட்டில் தம்பி பெண்டாட்டி நல்லவள்தான். காய் நறுக்க உட்கார்ந்தால் "நீங்க எதுக்கு அண்ணி, நீங்க பெரியவங்க" என்று கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொள்வாள். ஜன்னலுக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச்சு வந்தால், "அக்காவை ஏன் தொந்தரவு பண்ணணும்" என்பான் தம்பி. அந்தத் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டவளே அவள்தான். மரியாதை கூடக் கூட அந்த வீட்டில் அவளுக்கு இருந்த இடம் சுருங்கி, கடைசியில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரித் தட்டும் மிஞ்சின. வேலையிலும் தோள்வலி என்று ஒரு நாள் சொன்னதுதான் தாமதம், பெரிய இஸ்திரி இயந்திரத்திலிருந்து தலையணை உறை மடிக்க அனுப்பிவிட்டார்கள். ஆக, ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து, அவளை எப்படியாவது கவிழ்த்துவிட வேண்டும் என்று மெனக்கெடுகிற இடம் உலகத்திலேயே அந்த நாற்காலி ஒன்றுதான்.

அதற்கும் உலை வைத்தார் சூப்பர்வைசர்.

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் டப்பாவைத் திறந்த நேரத்தில் அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஒரு நல்ல விஷயம். நம்ம பெரியக்காவோட படத்தை நாலாவதா மாட்டப் போறோம். எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரி. நாளைக்கே."

கை தட்டினார்கள். பெரியக்காவுக்கும் ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன். முகத்தைத் துடைப்பதுபோல் முந்தானையை எடுத்தாள். அப்போதுதான் சூப்பர்வைசர் அடுத்ததைச் சொன்னார்.

"படத்துல ஏறினவங்க பலகையில உட்கார மாட்டாங்க. அது நம்ம வழக்கம். நாளைய ஆட்டத்தோட நாற்காலி காலி. மத்தவங்களுக்கும் ஒரு வாய்ப்பு வேணும் இல்லையா?"

முந்தானை அப்படியே நின்றது.

"எந்த வழக்கம் சார்?"

"மூணு பேரும் படத்துக்குப் போனப்புறம் ஆடலையே அக்கா."

"பாய்லர்காரர் செத்துட்டார். டிரைவர் மகன் வீட்டோட போயிட்டார். ஸ்டோர்காரருக்குக் கண்ணு தெரியல. இதுல வழக்கம் எங்க இருந்து வந்துச்சு?"

யாரோ சிரித்து, சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"உங்களைக் கௌரவிக்கத்தானே செய்யறோம்" என்றார் அவர், மனம் புண்பட்டவர்போல்.

"நான் பெரிய ஆட்டக்காரி இல்ல சார்" என்றாள் பெரியக்கா. தன் வாயாலேயே இதைச் சொல்ல நேர்ந்ததில் அவளுக்குக் கோபம் பொங்கியது. "பாய்லர்காரர்தான் பெரியவர். வேணும்னா அவர் மருமகனையே கேளுங்க."

வாழ்நாளெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போட்ட தையல்காரர், அது கைக்கு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல அக்கா. மாமனார் உங்ககிட்ட ஆடியிருந்தா தோத்திருப்பார்" என்றார் மெதுவாக. உண்மையைச் சொல்ல அந்த மனுஷருக்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

"எல்லாக் காலத்துக்கும்னா வரப்போற காலமும் சேர்த்திதானே?" அவள் விடவில்லை. "எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்குள்ள நான் தோத்தா படத்தைக் கழட்டுவீங்களா?"

"அதனாலதான் தோக்கறதுக்கு முன்னாடியே மாட்டறோம்" என்றார் சூப்பர்வைசர். தான் சொன்ன பதில் அவருக்கே பிடித்துவிட்டது. அதோடு டப்பாவை மூடிவிட்டார்.

மறுநாள் காலை தலையணை உறைகளுக்கு நடுவே தையல்காரர் வந்து நின்றார். ஆட வருகிறவர்கள் பேர் எழுதும் சிலேட்டில் இன்று மதியம் முதல் ஆள் அவர்தான்.

"அக்கா, ஒரு யோசனை. இன்னைக்கு எங்கிட்ட தோத்துடுங்க. தோத்த ஆளைப் பெரிய ஆள்னு எப்படி மாட்டுவாங்க? படமும் இல்ல, தடையும் இல்ல. நாளன்னைக்கு வரிசையில வந்து நாற்காலியைத் திரும்பப் பிடிச்சுக்கோங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

நல்ல மனசு. நல்ல யோசனையும்கூட. பெரியக்கா நாலு உறைகளை மடித்தாள். ஐந்தாவது கோணலாக வந்தது, உதறி மறுபடி மடித்தாள்.

மதியம் சூப்பர்வைசர் சுத்தியலோடும் சட்டம் போட்ட படத்தோடும் வந்து சுவரோரம் நின்றுகொண்டார். "கடைசி ஆட்டம். ஆசை தீர ஆடுங்க அக்கா."

தையல்காரர் நன்றாகவே ஆடினார். பாதி ஆட்டத்தில் ஆளுக்கு ஆறு காய் இருந்தது. அப்போது பெரியக்கா அந்த வழியைப் பார்த்தாள். பின்வரிசையில் இருந்த வெள்ளைப் பொத்தானை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், அவர் கறுப்பு கடைசி வரிசைக்கு வந்து, முன்னும் பின்னும் போகும் ராஜாவாகிவிடும். அதற்கப்புறம் அவள் தோற்பதை யாராலும் தடுக்க முடியாது, சந்தேகமும் வராது. தையல்காரரும் அதைப் பார்த்திருந்தார். 'தள்ளுங்க அக்கா' என்று அவர் கண் கெஞ்சியது.

விரலை அந்தப் பொத்தான்மேல் வைத்தாள். வீட்டில் கத்தியைக் கொடுத்தாயிற்று. இங்கே இயந்திரத்தைக் கொடுத்தாயிற்று. எதைக் கேட்டாலும் சண்டை வேண்டாமே என்று கொடுத்துக் கொடுத்தே பழகிய கை இது. ஆடுவதற்கு அனுமதி வாங்க ஆட்டத்தையே கொடுக்க வேண்டுமா? முடியாது. செத்தாலும் முடியாது.

விரலை எடுத்து, நடுவிலிருந்த வேறொரு வெள்ளையை நேராக அவர் கறுப்பின் வாயில் கொண்டுபோய் வைத்தாள்.

வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும், அதுதான் செக்கர்ஸ். தையல்காரர் மனசில்லாமல் தாவி வெட்டினார். அவர் காய் போய் இறங்கிய இடத்திலிருந்து அவளுக்குப் பாதை திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே தாவலில் மூன்று கறுப்புப் பொத்தான்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். மீதி ஆட்டம் பேருக்குத்தான் நடந்தது.

"ரொம்ப நல்லாப் போச்சு" என்று சூப்பர்வைசர் ஆணியை அடித்துப் படத்தை மாட்டினார். படத்தில் அவள் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த சிரிப்போடு இருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். "எழுந்திருங்க அக்கா."

பெரியக்கா பொத்தான்களைத் திரும்ப அடுக்கினாள். "நான் யார்கிட்ட தோத்தேன், எழுந்திருக்க?"

"நேத்தே சொன்னேனே—"

"நீங்க சொன்னீங்க. நான் ஒத்துக்கல. படம் மாட்டுங்க, பத்துக்கூட மாட்டுங்க, எனக்கொண்ணும் இல்ல. ஆனா இந்த நாற்காலிக்கு ஒரே சட்டம்தான். எழுப்பணும்னா ஆடி எழுப்புங்க. மரியாதை கொடுத்து எழுப்பாதீங்க. அது எனக்கு வீட்டுலயே நிறைய கிடைக்குது."

சூப்பர்வைசர் காது சிவந்துபோய், "அப்படியே உட்கார்ந்திருங்க. எதிர்ல யார் வந்து உட்காரப் போறாங்கன்னு பார்க்கிறேன்" என்றார்.

யாரும் நகரவில்லை. சம்பள நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். பெரியக்கா கடைசிப் பொத்தானைக் கட்டத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஆள் வராவிட்டால் மணி அடிக்கும்வரை இப்படியே இருப்பது, நாளைக்கும் வருவது என்று முடிவு பண்ணிவிட்டாள்.

அப்போது தையல்காரர் எழுந்து, அந்த வரிசைச் சிலேட்டைக் கையில் எடுத்தார்.

"எனக்கு அடுத்த பேரு உங்களோடதுதான் சார்" என்றார். "உங்க கையெழுத்துதான். பதினொரு மாசத்துல முதல் தடவையா எழுதியிருக்கீங்க."

மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அறை முழுவதும் சிரித்தது. நாற்காலி காலியாகும் என்று நம்பி அடுத்த இடத்தைப் பிடித்து வைத்திருந்த மனுஷர், படத்தைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவே முப்பது பேர் இருந்தார்கள்.

தையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் சுத்தியலோடு உட்கார்ந்தார்.

"கறுப்பு உங்களுக்கு. முதல்ல நீங்கதான்" என்றாள் பெரியக்கா. "அவசரம் இல்ல சார், நிதானமா ஆடுங்க. நான் எங்கயும் போகல."