வரப்பு வரைக்கும் கேட்ட ரேடியோ

ரமேஷ்குமார் போனைக் காதிலிருந்து எடுத்து, கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"ஜோசியம் பாக்கற பணிக்கரு கேக்கறாரு. மத்தியானத்துக்கு முன்னால உசுரு போயிருந்தா அடப்பாமா. அதுக்கப்பறம்னா நச்சத்திரம் மாறிருச்சு, ஒண்ணுமில்லையாமா. நீதான ஊட்ல இருந்தே?"

தமிழ்ப்ரியா மாமனாரின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"மத்தியான நியூஸ் முடிஞ்சதுக்கு அப்பறந்தானுங்க" என்றாள்.

அவன் மூச்சுவிட்டான். போனில் அதையே சொன்னான். அடைப்பு என்றால் உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். பூட்டாமல் விட்டால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். வீட்டில் அறையே இரண்டுதான். ஒன்றில் இவர்களும் மகள் சோனாவும். மற்றது அவன் அப்பா கந்தப்பனும் அம்மா சரஸ்வதியம்மாளும் படுப்பது. அதைப் பூட்டினால் அம்மா எங்கே படுப்பாள் என்ற கவலை அவனுக்கு.

தமிழ்ப்ரியாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் தினமும் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நிற்கிறவன் என்பதுதான் அவள் மனதில் ஓடியது. சோனா பஸ் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறவள் என்பதும்.

கந்தப்பனுக்குக் கையும் காலும் விழுந்து மூன்று வருஷமாகிறது. வாய் மட்டும் விழவில்லை. தலைமாட்டில் ரேடியோ. காலையில் ஸ்டேஷன் திறக்கும்போதே வைத்துவிட வேண்டும். பக்திப் பாட்டு, உழவர் நிகழ்ச்சி, நியூஸ், சினிமாப் பாட்டு, யாரோ டாக்டர் பேசுவது, எல்லாம் அவருக்கு வேண்டும். குமிழைத் திருக விரல் வராததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூப்பாடு. உழவர் நிகழ்ச்சிக்குக் கூட்டு. வயலின் வந்தால் குறை. இந்தி வந்தால் உடனே குறை. "அம்முணி" என்ற குரல் வந்தால் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். போகாவிட்டால், உலகத்தில் உள்ளவர்களெல்லாம் அவரைக் கைவிட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டு ஜிஷாவுக்குக் கேட்கும்படி சொல்வார்.

இன்று குடியரசு தினம். காலையிலிருந்தே டெல்லி அணிவகுப்பு. கொஞ்ச நேரம் இந்தி, கொஞ்ச நேரம் இங்கிலீஷ். அவருக்கு இரண்டும் தெரியாது. ஆனால் அணிவகுப்பு வேண்டும். சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன போகிறது என்று சொல்ல வேண்டும். அவளுக்கும் பாதிதான் புரியும். மீதியை அவளே இட்டுக்கட்டிச் சொல்வாள். குதிரை போகுதுங்க மாமா, ஒட்டகம் போகுதுங்க, நம்ம கேரளா வண்டி வருதுங்க, அதுல தென்னமரம் நிக்குதுங்க. போன வருஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒட்டகம் இப்பத்தான போச்சு. மறுக்காவும் அதே ஒட்டகமா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

இன்றைக்கு இந்தி தொடங்கியது. அவள் சமையலறைப் படியில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். ரமேஷ் வேலைக்குப் போயிருந்தான். உலைக்கு லீவு கிடையாது. சோனா பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தாள். அத்தை வயலில் இருந்தாள். வாய்க்கால் தண்ணீர் இன்று இவர்கள் முறை. விட்டால் அடுத்த முறை வருவதற்குள் நெல் காய்ந்துவிடும்.

கூப்பாடு வரும் என்று கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. வரவில்லை. இந்தி போய் இங்கிலீஷ் வந்தது. மறுபடி இந்தி. பேண்டு வாத்தியம் வீடே அதிர அடித்தது. குறைக்கச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்தது. டீ சூடாக இருந்தது. அதைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அணிவகுப்பு முடிந்து தேசபக்திப் பாட்டு வந்தது. பிறகு வேறு ஏதோ. தமிழில் நியூஸ் வந்து முடிந்த பிறகு கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது.

ஜிஷாதான் வந்து ரேடியோவை நிறுத்தினாள்.

வாசலில் பந்தல் போட ஆள் வந்துவிட்டது. தமிழ்ப்ரியா சமையலறைக்குள் போனாள். சரஸ்வதியம்மாள் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கழுவிக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வந்து அத்தையின் காலில் ஊற்றித் தேய்த்தாள்.

"நியூஸுக்கு அப்பறம்னு சொன்னயாமா?"

"ஆமாங்கத்தெ."

சேறு கரைந்து தரையில் ஓடியது.

"இந்திப் பேச்சு வரப்பு வரைக்கும் கேட்டுது, அம்முணி. கொறைக்கவே இல்ல."

தமிழ்ப்ரியாவின் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் அப்பவே தெரிஞ்சுபோச்சு. மம்பட்டியக் கீழ போட்டுட்டு வந்தர்லாம்னுதான் பாத்தேன்." அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "அடுத்த வயலுக்கு மடை மாறிரும். வருல."

வெளியே மூங்கில் இறக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"அத்தெ, பூட்டாம உட்டு, அவுருக்கோ சோனாவுக்கோ ஏதாச்சும்…"

"போய்ச் சொல்லு. நான் நடையில படுத்துக்கறேன். எங்க படுத்தாலும் இனித் தூக்கம் வரும்."

தமிழ்ப்ரியா வாசலுக்குப் போய்ப் புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அணிவகுப்பு நடக்கும்போதே போயிருக்க வேண்டும் என்றாள். போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். அவன் ஏன் என்று கேட்டான். பந்தல்காரன் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு பணிக்கரைப் போனில் கூப்பிட்டான். அறைக்கு மேலே இரண்டு ஓடுகளைக் கழற்றச் சொன்னார் பணிக்கர். போன உயிர் அந்த வழியாகப் போக வேண்டும். பிரேதம் வெளியேறியதும் ஓடுகளைத் திரும்பப் பதித்து அறையைப் பூட்டிவிட வேண்டும்.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. தலை ஈரத்தோடு ரமேஷ்குமார் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினான். தமிழ்ப்ரியா அறையைக் கழுவிவிட்டாள். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினாள். அப்புறம் அதன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். சரஸ்வதியம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடு கழற்றிய கூரைச் சந்தில் வானம் கொஞ்சம் தெரிந்தது. அதில் ஒரு கொக்கு போயிற்று.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா? தூசி உழுகும்" என்றான் அவன் மேலிருந்து.

முதல் ஓடு சந்தில் உட்கார்ந்தது. வெளிச்சம் பாதியாயிற்று. சரஸ்வதியம்மாள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மா, வெளிய வாங்க. பூட்டோணும்."

"வர்றோம்டா" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

இரண்டாவது ஓடும் பொருந்தியது. இருட்டில் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.