திருவாதவூர்ப் பந்தி

செல்லூர்ச் சந்துகளில் தங்கப்பொண்ணு வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கிடாவெட்டு, காதுகுத்து, மொட்டை எதுவானாலும் சரி, ஆட்டை உரித்து வைத்தால் போதும். அண்டா, மளிகை, ஆள் எல்லாவற்றோடும் வந்து இறங்கி, பந்திக்கு முன்னால் கறிச்சோறு ஆக்கி விடுவாள். அவளை நம்பி இலை போட்டவர் ஒருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில்லை. புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு மகளும் அந்தப் பேரும்தான்.

அந்தப் பேருக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. முந்தின நாள் விசேஷத்து அண்டாவை வாசலில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள், போன் அடிக்கவும் ஈரக்கையோடு எடுத்தாள்.

“எங்கம்மா இருக்கீங்க? கெடாவ உரிச்சு வச்சுட்டு ஒக்காந்திருக்கோம். தாய்மாமன் சீரு வந்து எறங்கிருச்சு. இன்னும் அடுப்புக்கூட மூட்டல!” என்று ஒரு ஆண் குரல் கத்தியது.

“தம்பி யாரு? எந்த ஊருலருந்து பேசுறீங்க?”

“யாரா? நல்லாருக்கே! சிவக்குமார். திருவாதவூர்ல எம்மகனுக்குக் காதுகுத்து. அட்வான்ஸ் வாங்குறப்ப மட்டும் சார் சார்னு மெசேஜ் வந்துச்சு. இன்னைக்கு அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். பூசாரிகிட்ட இந்த நம்பர வாங்கிக் கூப்புடுறேன்.”

“நீங்க எனக்கு வெத்தல பாக்கே குடுக்கலையே தம்பி.”

“நீங்கதானம்மா வீடியோல சொன்னீங்க, வெத்தல பாக்கெல்லாம் வேணாம்னு!”

தங்கப்பொண்ணு அண்டாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஆமாம், சொன்னாள்தான்.

அந்தப் பக்கத்தில் சமையலுக்கு ஆள் பேசுவதென்றால் ஒரு முறை உண்டு. விசேஷக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கும் முன்பணமும் வைத்து வீடு தேடி வர வேண்டும். சமையல்காரி அதைக் கையால் வாங்கிவிட்டால், இடியே விழுந்தாலும் அன்றைக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும். முகத்துக்கு முகம் பார்த்துக் கொடுப்பதில் எந்தத் திருடன் வந்து புகுவான்? ஆனால் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போனவர்கள் குலசாமி கோயிலுக்கு மட்டும் ஊருக்கு வருகிறார்கள். அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு செல்லூருக்கு எப்படி அலைவார்கள்? அதனால்தான் மகள் சத்யப்ரியா பேஸ்புக் பக்கத்துக்காக வீடியோ எடுக்கப் போனை நீட்டியபோது தங்கப்பொண்ணு சிரித்த முகமாகச் சொல்லிவிட்டாள்: “இனிமே வெத்தல பாக்கு மாத்த அலைய வேணாம்யா. போன்லயே அட்வான்ஸப் போட்டு விடுங்க. அன்னைக்கு அடுப்போட வந்து நிப்பேன்.”

சத்யப்ரியா அவசரமாகத் தேடிப் பார்த்தாள். அதே பேரில் இன்னொரு பக்கம் இருந்தது. அதே படம், அதே வீடியோ, அம்மாவின் அதே சிரிப்பு. கீழே நம்பர் மட்டும் எவனோ ஒரு களவாணிப் பயலுடையது. யாரைக் குற்றம் சொல்ல? ஏமாந்தவர்கள் நம்பியது அவளுடைய முகத்தைத்தானே!

“மொதல்ல சைபர் கிரைம்ல புகார் குடுப்போம்மா. நாம எங்கயும் போக வேணாம்.”

“புகாரக் குடுடி. யாரு வேணாம்னா? அது எலைக்குச் சோறாகுமா? சனம் வந்து ஒக்காந்திருக்குன்றான். பச்சப் பிள்ளைக இருக்கும். நாளைக்கு ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க? தங்கப்பொண்ண நம்பிப் பட்டினி கெடந்தோம்னு சொல்லுவாங்களா இல்லையா?”

சத்யப்ரியா போனிலேயே புகாரை எழுதி அனுப்பினாள். புதன்கிழமைக் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த அரிசி, எண்ணெய், மசாலா அத்தனையும் குட்டியானை வண்டியில் ஏறியது. கூட வேலை செய்யும் பெண்களைத் தங்கப்பொண்ணு கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினாள். ஒத்தக்கடை தாண்டும் வரை வண்டிக்காரரை விரட்டிக்கொண்டே வந்தாள். சாமியை ஒரு பக்கம் கும்பிட்டாள், அந்தத் திருட்டுப் பயலை ஒரு பக்கம் சபித்தாள்.

கோயில் வேப்பமரத்தடியில் சனம் வெந்துகொண்டிருந்தது. காது குத்தின பிள்ளை மாமன் மடியிலேயே அழுது தூங்கியிருந்தது. சீர் கொண்டுவந்த சம்பந்தி வீட்டார் தனியாகப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் சிவக்குமார் ஓடி வந்தான்.

“தம்பி, அட்வான்ஸ் வாங்குனது நான் இல்ல. எம்பேர வச்சு எவனோ ஏமாத்திட்டான். நீங்க தெரிஞ்சுக்கிறணும்.”

“சரிம்மா, சரி. அத அப்பறம் பேசலாம். மொதல்ல அடுப்ப மூட்டுங்க.”

மூட்டினாள். புகையில் கண் எரிய, முட்டி நோக, இடுப்பை நிமிர்த்தாமல் கிண்டினாள். ஆள் பற்றாக்குறையால் அண்டாவைத் தானே பிடித்து இறக்கி, புறங்கையைச் சுட்டுக்கொண்டாள். சாயங்காலம்தான் பந்தி உட்கார்ந்தது. பசித்த சனம் வாயைத் திறந்து பேசாமல் தின்றது. தின்று எழுந்தவர்களில் ஒருத்தராவது நல்லாருக்கு என்று சொல்ல வேண்டுமே! ஊஹூம். சிவக்குமார் அரிசிக்கும் மசாலாவுக்கும் என்ன தர வேண்டும் என்று கேட்டானா என்றால் அதுவும் இல்லை. அட்வான்ஸ் போட்டதோடு கணக்குத் தீர்ந்தது என்ற நினைப்பிலேயே இருந்தான். வயிறு நிறைந்தவர்களிடம் காசு பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. பேர் பிழைத்தது, அது போதும் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்து அழுதாள்.

பேராவது பிழைத்ததா? மறுநாள் காலை சத்யப்ரியா போனைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மா அடுப்படியில் நின்று கிண்டுவதை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பின்னால் சிவக்குமாரின் குரல் கேட்டது. “இவங்கதான் அட்வான்ஸ வாங்கிட்டு டிமிக்கி குடுத்தவங்க. நாங்க விடல. போன்ல நாலு வாங்கு வாங்குனதும் அலறி அடிச்சுட்டு வந்துட்டாங்க பாருங்க. ஏமாந்த மத்தவங்களும் விடாதீங்க!” அந்த வீடியோ ஜில்லா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாவி! அவன் வீட்டுச் சனம் தின்றது யார் வீட்டு அரிசி?

அவள் அதை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய போன் அடித்தது.

“டி. கல்லுப்பட்டிலருந்து வெள்ளைத்துரை பேசுறேன். வார வெள்ளிக்கெழம எம்பேத்திக்கு மொட்ட. போன்ல அட்வான்ஸ் போட்டமே, ஞாபகம் இருக்கா?”

“அண்ணே, சத்தியமா நான் வாங்கலண்ணே. அது எவனோ போலி. போலீசுல எழுதிக் குடுத்திருக்கோம்.”

“அப்படியா? வாங்கலேன்னா திருவாதவூர்ல எதுக்கு ஆத்தா போயிச் சமைச்சீங்க?”

தங்கப்பொண்ணு சுட்ட கையைப் பார்த்தாள். உள்ளதைத்தான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

“பிள்ளைக பசியோட கெடந்துச்சுகண்ணே. அதான் போனேன்.”

அந்தப் பக்கம் பலமாகச் சிரித்தார்கள். வெள்ளைத்துரையோடு இன்னும் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

“எங்க வீட்டுலயும் பிள்ளைக இருக்குதுக ஆத்தா. வெள்ளிக்கெழம காலைல அடுப்போட வந்து சேருங்க.”

போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு அடுத்த அழைப்பு வந்தது. எடுக்காதேம்மா, எடுக்காதே என்று சத்யப்ரியா கையைப் பிடித்து அழுதாள். எடுக்காமல் விட்டால் ஓடி ஒளிந்துவிட்டாள் என்பார்கள். தங்கப்பொண்ணு எடுத்தாள்.