எல்லம்மாளின் வயிறு

...நுரையீரல் சுத்தம், சளியிலும் ஒன்றுமில்லை, பிறகு எங்கிருந்துதான் வருகிறது இந்தப் பாழாய்ப்போன சாயங்காலக் காய்ச்சல் என்று யோசித்தபடியே டாக்டர் கோதா ஸ்கேன் மிஷினைப் பெண்கள் வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள், போன வருஷம் வந்த சின்ன மிஷின், படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிடலாம், எல்லாம் சரிதான், தள்ளுகிறவள் இடுப்பை யார் பார்ப்பது, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை டப்பாவை இன்னும் திறக்கக்கூட இல்லை... ஜன்னலோரக் கட்டிலில் எல்லம்மாள், தென்னேரிக்காரி, முப்பது வயதிருக்கும், கன்னம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் உப்பி, குச்சிக் கை நிறையக் கண்ணாடி வளையல். போன வாரம்தான் வளைகாப்பாம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கியது, கண் பட்டுவிடும், வளையல் போடுகிறவரை ஊரில் ஒருத்திக்கும் தெரியக் கூடாது என்று மாமியார் பொன்னியம்மாள் மருமகளை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே விடவில்லை, காய்ச்சல் விடாமல் அடிக்கவே இப்போதுதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அடிப் பாவி, யாராவது ஒரு நர்ஸ் ஒரே ஒரு தடவை அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தால்! நேற்று மூத்திரப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தபோதுகூட லேபில் மாற்றிவைத்திருப்பார்கள் என்றுதானே தனக்கே தோன்றியது?

ஜெல்லைத் தடவியதும் எல்லம்மாள் சிலிர்த்தாள். திரையைப் பழக்கதோஷத்தில் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள் கோதா, ஆணா பெண்ணா என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம், கேட்பதற்கு இங்கே என்ன இருக்கிறது... ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக நீர், நீருக்குள் நூல் நூலாக இழைகள், பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி வீங்கிய நெறிக்கட்டிகள், மண்ணீரலில் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள். டி.பி.தான். நெஞ்சில் இல்லை, வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஊசி போட்டு நீரை எடுத்து அனுப்பவேண்டும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மாத்திரையை நாளைக்கே தொடங்கிவிடலாம், பிழைத்துவிடுவாள், அப்பாடா, என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது, வெட்கமில்லாமல். கருவியைக் கீழே இறக்கினாள். கருப்பை சின்னதாக, காலியாக இருந்தது. இந்த நோய் கருப்பைக்கும் போகும், குழாயை அடைத்துவிடும், மாதவிலக்கை நிறுத்திவிடும்... எட்டு வருஷமாக இவளை மலடி என்றது இதற்காகத்தானா? யாரிடம் போய்க் கேட்பது?

சொல்லித்தானே ஆகவேண்டும், தினம் யாருக்காவது எதையாவது சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது, இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வயிற்றில் இருப்பது நீர், டி.பி., ஆறு மாசம் விடாமல் மாத்திரை போட்டால் குணமாகிவிடும், குழந்தை... குழந்தை இல்லை எல்லம்மா, என்றாள். அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்மா. அசையவே இல்லியே. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வளையல் போட்டுண்டே?"

"அவருக்கு வேற பொண்ணு பாத்துக்கினு இருந்தாங்கமா. இந்த அஞ்சு மாசமாத்தான் அந்தப் பேச்சு இல்ல." சட்டென்று கோதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கை அனலாய்க் கொதித்தது. "கலைஞ்சிடுச்சின்னு சொல்லிடுங்கமா. தங்கலன்னாலும் தரிச்சிச்சின்னு இருக்கட்டும்."

என்ன பெண் இவள், என்று கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது, அசதி மட்டும் மிச்சம். பொய் சொன்னால் மாத்திரை எதற்கென்று கேட்பார்கள், உண்மையைச் சொன்னால் வீட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள், அனுப்பிவிட்டால் ஆறு மாசம் யார் மாத்திரை கொடுப்பது, யார் சோறு போடுவது... கதவைத் தள்ளிக்கொண்டு பொன்னியம்மாள் உள்ளே வந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "என்னாமா, புள்ள நல்லாக்கீதா?" என்றாள். எல்லம்மாளின் பிடி இறுகியது. கோதா வாயைத் திறந்தாள், எது இவளை உயிரோடு வைக்கும் என்பது இந்த மிஷினுக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.