அர்செனியோ மீது விழுந்த சொல்

மாம்பழம் கிலோ நாற்பது பெசோவுக்கு இறங்கிய வாரத்தில் அர்செனியோவின் இடதுகால் மரமாயிற்று. நல்ல வைரம் பாய்ந்த நார்ரா மரம் என்று தச்சர்கள் தட்டிப் பார்த்துச் சொன்னார்கள். பிலிப்பைன்ஸின் குய்மராஸ் தீவில் அதற்குமுன் யாருக்கும் அப்படி ஆனதில்லை என்றாலும் காரணம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அங்கே பல்லால் பாட்டில் திறந்தவனையும், சந்துக்குள் ஜீப்னி வண்டியைப் பின்னால் எடுத்தவனையும் பார்த்து "ஐடல்!" என்று கத்துவது வழக்கம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விக்கிரகம் என்று பொருள். அதை நினைத்து யாரும் சொல்வதில்லை. மாதா கோயிலுக்கு எதிரே உள்ள கூடைப்பந்துத் திடலில், அர்செனியோ ரப்பர்ச் செருப்போடு எறிந்த பந்து ஒன்றுகூடத் தவறியதில்லை. ஆகவே ஊரில் இருந்த அந்தச் சொல் முழுவதும் அவன்மேல் விழுந்தது.

அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. எதிர்க்கரைத் துறைமுகமான இலோயிலோவுக்குப் படகேறினால் போதும். துறையை நோக்கி நொண்டிப் புறப்பட்டபோதெல்லாம் வழியில் நாலு பேர் கைதூக்கிக் கத்தினார்கள்; வலதுகால் போயிற்று, பிறகு இடுப்பு. தூக்கிவந்து திடலோரம் நிறுத்தினார்கள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கடா," என்று கெஞ்சினான்.

"உங்களப் போய்ப் பேர் சொல்லுவமா, ஐடல்?" என்றார்கள். இரு தோளும் இறுகின.

வசவுக்கு மரம் இளகும் என்று கண்டுபிடித்தவள் அவன் மனைவி நெலிதா. மீன் விற்கப் போகும் வழியில் நின்று, "கட்டை மாதிரி நிக்கிறியே, வெக்கமா இல்ல? அரிசிப் பானைய உங்கப்பனா வந்து நிரப்புவான்?" என்பாள். ஒரு விரல் அசையும்.

"இன்னும் திட்டுடி."

"உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம்!"

கப்பல் கம்பெனி பொறுத்துக்கொண்டது. மூன்று மழைக்காலம் திட்டி அவள் வலக்கை முழுவதையும் மீட்டாள். அடுத்து கால்கள்தான் என்றிருந்தார்கள்.

திருவிழாவன்று யாரோ அந்தக் கையில் பந்தை வைத்துவிட்டார்கள். நெலிதா மீன்கத்தியோடு கூட்டத்தின் முன் வந்து நின்றாள். "எவனாவது வாயத் தொறந்தீங்க, நாக்க அறுத்துருவேன்." அர்செனியோ எறிந்தான். பந்து தென்னைகளுக்கு மேலே போய், கொஞ்சம் தயங்கி, அவசரமில்லாமல் இறங்கி, விளிம்பைக்கூடத் தொடாமல் வளையத்துக்குள் விழுந்தது. ஊர் முழுவதும் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல், தன்னை அறியாமல், "ஐடல்," என்றது. அது நெலிதாவின் குரல்.

கப்பல் போய்விட்டது. ஊரார் அவனுக்கு மேலே தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் கரையான் அண்டாமலிருக்க நெலிதா மண்ணெண்ணெய் தடவுகிறாள். கண்களைச் சுற்றி மட்டும் விட்டுவிடுகிறாள். அங்கே பட்டால் அவனுக்கு இன்னும் எரியும்.