பேப்பரில் இல்லாத பேச்சு

மைக்கில் ஊதிப் பார்க்கச் சொன்னான் ஆபரேட்டர் மாரிசாமி. சொர்ணலட்சுமிக்கு ஊத வரவில்லை. சூடான காப்பியை ஆற்றுவதுபோல் லேசாக ஒரு மூச்சு விட்டாள். அது கொட்டகையின் நான்கு மூலையிலிருந்தும் புயலாகத் திரும்பி வந்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவளை யாரும் பார்க்க முடியாதபடி திரைக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி, மேசை, மைக், டார்ச் லைட், இங்கிலீஷில் டைப் அடித்த ஆறு பக்கம். பட்டாசுக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரையின் பெண்சாதி சினிமாக் கொட்டகையில் மைக் பிடிப்பாள் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்காது, அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

அறுபத்தாறாம் வருஷத்துப் புரட்டாசி. சிவகாசியில் தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் மெட்ராஸிலிருந்து ஒரு சங்கத்தார் பால்கன் நாடுகளின் புதுப்படங்களை மூன்று பெட்டிகளில் அடைத்து ரயிலேற்றி, தெற்கத்தி ஊர்களுக்கெல்லாம் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். அந்த நாடுகளுக்கும் டெல்லிக்கும் சிநேகமாம். சிவகாசியில் மூன்று நாள் காலைக்காட்சி. வெள்ளைத்துரை டவுன் கிளப் செக்ரட்டரி என்பதால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நோட்டீஸில் 'திரைப்பட விழா, அனுமதி இலவசம்' என்று அடித்தார்கள். விழா என்ற சொல்லைப் பார்த்ததும் பொரிகடலைக்காரர், பலூன்காரர், ராட்டினக்காரர் எல்லாரும் சனிக்கிழமையே வந்து கொட்டகை வாசலில் இடம் பிடித்துவிட்டார்கள்.

படங்களில் இங்கிலீஷ் எழுத்துத்தான் ஓடும். அதைத் தமிழில் சொல்லச் சம்மதித்திருந்த ஹைஸ்கூல் வாத்தியாருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த வெள்ளைத்துரை, இலையைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தார்.

"நீ மதுரைல காலேஜு ரெண்டு வருசம் படிச்சேல்ல?"

"ஆமா."

"பேப்பரப் பாத்துத் தமிள்ல சொல்லணும். அம்புட்டுத்தான். பேச்சும் கம்மியாத்தான் இருக்கு. ஒன்ன யாரும் பாக்காம ஒரு மறப்புக் கட்டிக் குடுத்துருவோம்."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே "சரி" என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் உதவி அது. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நகை இருந்தது, கார் இருந்தது, சமையலுக்கு ஆள் இருந்தது. மகன் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் இருந்தான். மாமியார் பக்கத்து வீட்டில், மூத்த மகனோடு. பேசத்தான் ஆள் இல்லை. வெள்ளைத்துரை நல்ல மனுஷர். வெளியில் நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வெறும் வாயோடு வருகிறவர். இதற்காக ஒருத்தி யாரிடம் போய் முறையிட முடியும்? பசி என்றால் சொல்லலாம். அடிக்கிறார் என்றால் சொல்லலாம். சாயங்காலமாகிவிட்டால் வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒருத்திக்காக முதல் படத்தை ஓட்டிக் காட்டினார்கள், பழகிக்கொள்வதற்காக. அறுநூறு பேர் உட்காரும் கொட்டகையில் அவளும், மேலே மெஷின் ரூமில் மாரிசாமியும். யூகோஸ்லாவியா நாட்டுப் படம். மலை ஊர். வெஸ்னா என்று ஒரு பெண். புருஷன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அவள் உருளைக்கிழங்கு வேகவைக்கிறாள், தின்கிறாள், தட்டைக் கழுவுகிறாள், ஜன்னலில் நிற்கிறாள். இடையில் ஒருதரம் பக்கத்து மலையில் கல் உடைக்க வெடி வைக்கிறார்கள். வெடி வைப்பதைக் காட்டுவதில்லை, சத்தம் மட்டும் வருகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் சொர்ணலட்சுமி கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எங்கேயோ கடல் தாண்டி, பெயர் தெரியாத மலையில், தன் வீட்டுச் சாயங்காலத்தை யாரோ ஒளிந்திருந்து படம் எடுத்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

மாரிசாமி படியிறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அந்த வெடிக்கு முன்னால மைக்குல ஒரு வார்த்த சொல்லிருங்க. படத்துலதான், யாரும் பயப்படாதீகன்னு. நம்ம சனம் கலங்கிரும்."

"ஆமா, சொல்லணும்" என்று சிவப்புப் பென்சிலால் பேப்பரின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சிவகாசிக்காரர்களுக்கு வெடிச்சத்தம் காக்காய்ச் சத்தம் மாதிரி. கம்பெனிகளில் பகல் முழுக்கப் போட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள், காது அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் ஒரு சத்தம் உண்டு. பூமிக்குள்ளிருந்து வருவதுபோல் 'தொம்' என்று, கேட்பதற்கு முன்னால் காலில் தெரியும் சத்தம். அது கேட்டால் ஊர் அத்தனையும் வெளியே வந்து வானத்தைப் பார்க்கும். புகை எந்தப் பக்கம் எழும்புகிறதோ அதை வைத்து, தாயில்பட்டியா, ஏழாயிரம்பண்ணையா, ஆமத்தூர்ப் பக்கமா என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியவர்கள் ஓடுவார்கள். உலையில் அரிசி கொதித்தாலும் இறக்கி வைக்க நிற்க மாட்டார்கள். முதலாளி வீட்டுப் பெண்கள் தலைவாசல் கதவை அகலத் திறந்து போட்டு, தகவல் வருகிறவரை வாசலில் நிற்க வேண்டும். வேலையாட்களின் வீட்டுப் பெண்கள் அங்கேதான் வந்து கூடுவார்கள். சொர்ணலட்சுமியும் அப்படி இரண்டுமுறை நின்றிருக்கிறாள். ஒருமுறை அவர்கள் கம்பெனிதான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. முதல் கால்மணி நேரம் அவள் பேப்பரில் உள்ளதை உள்ளபடி, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "'கடிதம் வந்ததா?' என்று தபால்காரரிடம் கேட்கிறாள். 'இல்லை' என்கிறார் அவர்." அதற்குப் பிறகு பேப்பரில் பேச்சே இல்லை. (அவள் மேசையைத் துடைக்கிறாள்.) (அவள் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறாள்.) பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. நம் சனம் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? ஆண்கள் பக்கம் ஒரு விசில் கிளம்பியது. "மைக்கு அவுட்டாலே?" என்றான் ஒருவன். பத்துப் பேர் சேர்ந்து கையைத் தட்டினார்கள். முன்வரிசை சோபாவில் வெள்ளைத்துரை தட்டியின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது இடுக்கு வழியாக அவளுக்குத் தெரிந்தது.

பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். "இன்றைக்கும் யாரும் வரவில்லை என்று நினைக்கிறாள்."

விசில் நின்றது. திரையில் வெஸ்னா தட்டை எடுத்தாள். கொட்டகை காத்திருந்தது. பேப்பரில் ஒன்றும் இல்லை.

"ஒரு தட்டுத்தான் கழுவ இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தட்டைக் கழுவுகிறாள். ஒன்றை மட்டும் கழுவினால் சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா?"

பெண்கள் பக்கம் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அந்த 'ச்சு' சொர்ணலட்சுமியின் நெஞ்சில் வந்து விழுந்தது. தான் சொன்னதற்கு ஒரு ஜீவன் பதில் சொல்லிவிட்டது! பிறகு அவளை யார் பிடித்து நிறுத்த முடியும்? 'நினைக்கிறாள்' போய் 'நினைக்கிறேன்' ஆனது எப்போது என்று அவளுக்கே தெரியாது. புஸ்தகத் தமிழும் எங்கோ நழுவிவிட்டது.

"காலைல இருந்து நான் பேசுனது மூணே வார்த்த. பால்காரன்கிட்ட 'போதும்'னேன். வேலைக்காரிகிட்ட 'வையி'ன்னேன். அவுக கெளம்பும்போது 'சரி'ன்னேன். இப்ப மணி நாலு. இன்னும் ராத்திரி படுக்கிறவரைக்கும் இருக்கு. கிணத்துக்குள்ள தலைய விட்டு என் பேரச் சொல்லிப் பாக்கலாமான்னு இருக்கு, பதிலுக்கு அதாவது வருமில்லா..."

பால்காரனும் வேலைக்காரியும் அந்த மலை ஊரில் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகையில் ஓர் அசைவு இல்லை. சிவப்புப் பென்சில் குறி போட்ட பக்கம் மடியில் கிடந்தது. டார்ச் லைட்டை அவள் எப்போதோ அணைத்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் 'தொம்' என்றது.

தகரக் கூரை கிடுகிடுத்தது. ஒரு கணம், ஒரே கணம் அமைதி. பிறகு அறுநூறு பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். கூச்சல்கூட அதிகம் இல்லை. மகள் பெயரை, மகன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். பெஞ்சுகள் சரிந்தன. வெள்ளைத்துரைதான் முதலில் வெளியேறினார். அவர் கார் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. மைக் அவள் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. 'படத்திலதான்' என்று ஒரு சொல். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அத்தனை நேரம் தடதடவென்று வந்த பேச்சு அடைத்துக்கொண்டது. திரையில் வெஸ்னா திரும்பிப் பார்க்காமல் நின்றாள், தட்டிக்குப் பின்னால் இவள் உட்கார்ந்திருந்தாள், நடுவில் அத்தனை பெஞ்சும் காலி.

வெளியே வெயிலில் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நாலு திக்கும் துடைத்துப்போட்டதுபோல் நீலமாக இருந்தது. விஷயம் புரிந்ததும் சிலர் சிரித்தார்கள். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஓடிப்போனவர்கள் ஓடியே போயிருந்தார்கள். மாரிசாமி படத்தை நிறுத்திவிட்டான். அன்று மறுபடி ஓட்டவில்லை. சாயங்கால ரயிலில் அந்தப் பெட்டி, பேப்பரோடு சேர்ந்து, திருநெல்வேலிக்குப் போய்விட்டது.

வீட்டில் மாமியார் வந்து ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள். "ஊரே ஓடுது, ஒருத்தி மட்டும் கல்லு மாதிரி ஒக்காந்திருந்தாளாமே! படம்னு தெரிஞ்சாத்தான் என்ன, அந்தச் சத்தம் கேட்டா ஒடம்பு எந்திரிக்காதா?"

வெள்ளைத்துரை அம்மாவை அனுப்பிவிட்டு வெகுநேரம் நியூஸ் பேப்பர் படித்தார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறந்துட்டேன்."

"அந்தப் பொம்பள அம்புட்டா பேசுனா? நான் பாத்தப்ப அந்தப் பேப்பர்ல பேச்சே கம்மியா இருந்துச்சே?"

அவள் அவர் துண்டை எடுத்து நீட்டினாள். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நம்ம ஜெயச்சந்திரன் வாசிக்கட்டும். நீ பொம்பளைக பக்கம் வந்து ஒக்காரு. வரலைன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

ஜெயச்சந்திரன் கம்பெனியில் வடநாட்டு ஆர்டர்களுக்கு லெட்டர் எழுதுகிறவர். நாணயமான மனுஷர், பேப்பரில் இருந்த வரிசை எண்ணைக்கூட விடவில்லை. "பதினாலு. வாருங்கள். பதினைந்து. உட்காருங்கள்." திங்கட்கிழமை கொட்டகையில் நூறு பேர் இருந்தால் அதிகம். பெண்கள் பக்கம் இருபது, முப்பது. சொர்ணலட்சுமி கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், முதலாளி வீட்டம்மா என்ற மரியாதையாகவும் இருக்கலாம். பல்கேரியா நாட்டுப் படம். ஒரு கிழவரும் ஒரு குதிரையும் பனியில் நடந்துகொண்டே இருந்தார்கள். பேப்பரில் ஒன்றும் இல்லாதபோது மைக்கும் சும்மா இருந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. விசிலடிக்கிறவர்கள் வரவில்லை.

பாதிப் படத்தில் யாரோ பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கம் வந்தார்கள். தீப்பெட்டி ஒட்டும் பசை வாடை அடித்தது.

"அம்மா, நேத்து மைக்குல பேசுனது நீங்கதான?"

சொர்ணலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஆமா."

"எம் பேரு ராமுத்தாய். மக தாயில்பட்டிப் பக்கம் வெடிமருந்து ரூமுல வேல பாக்கா. நேத்து நான் பஸ் ஏறி, எறங்கி, கால்ல செருப்புக்கூட இல்லாம கம்பெனி கேட்டு வரைக்கும் ஓடுனேன். அவ என்னயப் பாத்து வையுதா, ஏன் வந்தேன்னு."

"எந் தப்புதான். நான் முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"அது கெடக்குதும்மா." ராமுத்தாய் இன்னும் ஒட்டி வந்தாள். "இன்னைக்கும் அந்தப் படந்தான்னு நெனச்சு வந்தேன். இது வேற என்னமோ குதுரயால்ல இருக்கு. அந்தப் பிள்ள என்ன ஆனா? புருசன் வந்தானா?"

அந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். மாரிசாமி மேலே மெஷினோடு இருந்தான்.

"வரல" என்றாள் சொர்ணலட்சுமி மெதுவாக. "கடைசில அவ ஒரு நாற்காலிய எடுத்து வீட்டுக்கு வெளிய போட்டு ஒக்காருதா. ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்கா. அப்படியே முடிஞ்சிருது."

"அம்புட்டுத்தானா?" ராமுத்தாயின் முகம் விழுந்தது. "நேத்து அம்புட்டுப் பேசுனாளே. கடைசில ஒரு பேச்சுக்கூடப் பேசலையா?"

"நாற்பத்திரண்டு" என்றார் ஜெயச்சந்திரன் மைக்கில். "அவர் குதிரையைப் பார்க்கிறார்."

"பேசுனா" என்றாள் சொர்ணலட்சுமி.

"என்ன பேசுனா?"

முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் திரையை விட்டுத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளும் கழுத்தை வளைத்தாள். பனியின் வெளிச்சம் அந்த முகங்களின் ஒரு பக்கத்தில் வெள்ளையாக விழுந்தது. சொர்ணலட்சுமி ஆண்கள் பக்கம் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்த சோபாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி முன்னால் குனிந்தாள்.