அறையில் வேறு நபர்

1

இந்தக் கதை எனக்குப் பத்து விநாடித் துண்டாகத்தான் வந்தது. மீதியெல்லாம் நான் ஒட்டுப்போட்டுத் தைத்தது. (தைத்தது என்ற சொல் தானாக வந்து விழுந்துவிட்டது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

அப்போது நான் இணையவழி நுழைவுத் தேர்வுகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். உண்மையில் கண்காணித்தது நாங்கள் அல்ல, மென்பொருள். மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்து கேமராவின் முன் எழுதுவார்கள். அது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தைப் பத்து விநாடிக்கு வெட்டி வைக்கும். மூன்றாவது சந்தேகத்தில் தேர்வை நிறுத்திவிட்டு, துண்டுகளை எங்கள் திரைக்கு அனுப்பும். யாராவது ஒரு மனிதர் பார்த்து, 'தொடரலாம்', 'முடித்துவிடு' என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்.

அன்றைக்கு அந்த மனிதர் நான்.

மூன்றாவது துண்டில் ஒரு மாணவி கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"முப்பத்தாறு... இருபத்தெட்டு... பதினெட்டு... எழுதிட்டியா?"

மாணவி தலைநிமிராமல் சொன்னாள்: "எழுதிட்டேம்மா."

இவ்வளவு மரியாதையாகக் காப்பி அடித்தவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

2

இதை எப்படித் தொடங்குவது என்று பல நாள் உருட்டினேன்.

"அவள் ஓர் ஏழை மாணவி." அடித்துவிட்டேன். கணக்கில் புலி என்பதுதான் அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய சங்கதி.

"தொழில்நுட்பம் எல்லோருக்கும் சமமாகக் கதவைத் திறந்து—" எனக்கே கொட்டாவி வந்தது.

"இந்தத் தேர்வில் தேறினால் ஆய்வுக்கூடமும் விடுதியும் உள்ள பள்ளியில் இடம். தேறாவிட்டால் இப்போதிருக்கும் பள்ளியிலேயே, சோதனைக்குழாயைப் படத்தில் பார்த்து, படத்தையே வரைந்து மதிப்பெண் வாங்கும் படிப்பு." இது இருக்கட்டும். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

3

முதல் இரண்டு துண்டுகளைப் பார்க்குமுன், மென்பொருள் ஒரு முகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு முகம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் இருட்டும்தான். பக்கம் பக்கமாக இரண்டு இருட்டு, நடுவில் ஒரு வெளிச்ச மேடு, கீழே குறுக்காக ஒரு கோடு: அது முகம். உங்கள் முகமும் அப்படித்தான், சில வீட்டு மின்பலகைகளும் அப்படித்தான்.*

இனி முதல் துண்டு. பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும் என்பது தேர்வு விதி. ஒரே அறையில் அடுப்பு, படுக்கை, தையல் இயந்திரம் எல்லாம் இருக்கும் வீட்டில் வெறுமையான பின்னணிக்கு எங்கே போவது? அம்மா தையற்காரி. வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. ஒரு கயிறு கட்டி, குழந்தைச் சட்டைக்கு வாங்கிய துணியை மகளின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறாள். துணி நிறையக் கரடிக் குட்டிகள் சிரித்துக்கொண்டிருந்தன.

எச்சரிக்கை 1: அறையில் வேறு நபர்கள்.

மென்பொருளின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது உண்மையாகவே எண்ணிப் பார்த்திருக்கிறது.

மாணவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எழுந்துபோய்த் துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டாள். சாயம் ஏறாத பக்கம், வெளிறிய வெள்ளை. கரடிகள் போய்விட்டன. ஆனால் துணியைத் திருப்ப அவள் கேமராவை விட்டு விலக வேண்டியிருந்தது.

எச்சரிக்கை 2: தேர்வர் இடத்தில் இல்லை.

மூன்றாவது அந்தக் குரல்.

*எங்கள் வீட்டுப் பலகையில் இரண்டு சுவிட்சும் அடியில் ஒரு பிளக்கும் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அது என்னைப் பார்த்து ஆச்சரியப்படுவதுபோலவே இருக்கிறது.

4

தேர்வு நின்றிருந்தது, கடிகாரம் நிற்கவில்லை. நிறுத்தி வைக்கும் நேரமும் தேர்வு நேரத்திலேயே கழியும். நேரலையில் மாணவி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதுவும் ஒரு குரல்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சட்டம்'. அது அவருக்கும் தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, இன்னுமா பாக்கற? எழுதிட்டேன்னு அவளே வாயால சொல்றா. இதுக்குமேல கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

"கொஞ்சம் முன்னாடி போய்க் கேட்டுரலாம் மேடம்."

"முன்னாடி போனா? விடை மாறிருமா?"

துண்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. மென்பொருள் பத்து விநாடிதான் வெட்டும். ஆனால் முழுப் பதிவும் பத்திரமாக இருக்கும். அம்புக்குறியை இழுத்தால் பின்னோக்கிப் போகலாம். யாரும் இழுப்பதில்லை. வரிசையில் அடுத்தவர் காத்திருப்பார்.

இழுத்தேன்.

5

(இந்த இடத்தில், மாணவி தேர்வெழுதப் போன் இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை நானாகப் படைக்க நினைத்திருந்தேன். இவ்வளவு நல்லவரை வாசகர்கள் நம்புவார்களா என்று சந்தேகமாகவும் இருந்தது. அதற்கு வேலை வைக்காமல் அவர் பதிவிலேயே இருந்தார். கதவுக்கு வெளியே, குரலாக.)

"எதுக்குங்க இதெல்லாம்? போன்தானே குடுத்தேன்."

"போன்தானேவா? சும்மா நில்லுங்கக்கா. இப்ப விட்டா நீங்க அப்புறம் சிக்க மாட்டீங்க."

"உள்ள பிள்ளை பரீட்சை எழுதுது. மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான் பேசறேன். கைய நீட்டுங்க. இவ்வளவு விறைப்பா எதுக்கு, பஸ்ஸுல கம்பியா பிடிக்கப் போறீங்க? தளர விடுங்க. துணி என்னோடது, தையலும் என்னோடது. வேணாம்னு சொன்னீங்கன்னா எனக்குக் கோவம் வரும்."

"சரி, முழுக்கை வேணாம். புழுங்குது."

"முக்கால் வச்சிரலாம்."

அடுத்து அளவு நாடா இழுபடும் சத்தம். அதற்கப்புறம் அந்த மூன்று எண்கள்.

அந்த வீட்டின் தொழில்முறை எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அம்மாவின் இரண்டு கைகளும் நாடாவில் இருக்கும், அவள் எண்ணை மட்டும் சொல்வாள். குறித்துக்கொள்வது மகளின் வேலை. மார்பு, இடுப்பு, கை என்று வரிசை இருவருக்கும் மனப்பாடம், ஆகவே பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 'எழுதிட்டியா' என்று கேட்பாள். மகள் 'எழுதிட்டேம்மா' என்பாள். நடுவில் கதவு இருந்ததும், மகள் தேர்வில் இருந்ததும் அந்த ஒரு கணம் இருவருக்குமே மறந்துபோயிருக்கிறது. நன்றி சொல்லும் அவசரத்தில் அம்மா அளவெடுத்தாள். அந்த அளவுதான் மகளின் தேர்வை நிறுத்தியது.

'சட்டம்' குனிந்து இன்னொருமுறை போடச் சொன்னார். கேட்டுக்கொண்டே தன் தோளிலிருந்து முழங்கைக்குக் கீழே விரலால் அளந்தார்.

"முக்கால் கைக்குப் பதினெட்டா? ஆள் நல்ல உசரம்போல."

"அப்ப மேடம்..."

"என்ன அப்ப? பொத்தான அழுத்து. பிள்ளைக்கு நேரம் போகுது."

6

இப்போது முடிவுகள்.

(அ) அவளுக்கு இடம் கிடைத்தது, ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்து— அந்தக் கோட்டை அம்மாவே தைத்தாள் என்று கை தானாக எழுதப் போனது. நிறுத்திவிட்டேன். இனிப்பு தூக்கல்.

(ஆ) கிடைக்கவில்லை. இப்படி எழுதினால் சில வாசகர்கள் என்னைத் துணிச்சலானவன் என்பார்கள். அவளுடைய இடத்தைக் கொடுத்து அந்தப் பாராட்டை வாங்க எனக்கு மனமில்லை.

(இ) எனக்குத் தெரியாது. இதுதான் உண்மை. மதிப்பெண்கள் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேர்வு முடிந்தபின் விடைத்தாளைத் திறந்து பார்த்தேன். மளமளவென்று எழுதியிருந்தாள். ஏழாவது கேள்வி மட்டும் காலி. அது இருந்ததிலேயே எளிதான கேள்வி. அதன் விடை பதினெட்டு.

எந்தக் கட்டத்தில் எப்போது எழுதினார்கள், எப்போது அழித்தார்கள் என்று மென்பொருள் குறித்து வைக்கும். அழித்தது என்னவென்று மட்டும் காட்டாது. அம்மாவின் குரல் வருவதற்கு வெகுமுன்பே ஏழாவது கட்டத்தில் அவள் எதையோ எழுதியிருக்கிறாள். நான் 'தொடரலாம்' அழுத்தியதும் அவள் செய்த முதல் வேலை, திரும்பிப் போய் அதை அழித்தது.

அம்மா சொல்லித்தான் மகள் எழுதினாள் என்று நாளை யாரும் வாய் திறந்துவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. 'நினைத்தாள்' என்று உறுதியாக எழுத எனக்கு உரிமையில்லை. அவள் தலைக்குள் எந்த அம்புக்குறியும் இல்லை.

7

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தன் போனைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை கதவுக்கு வெளியே கை நீட்டி நின்ற அந்த உயரமான அக்காவுக்கு. ஒரே அறையை மகளுக்கு விட்டுவிட்டு நாடாவோடு வெளியேறிய அம்மாவுக்கு. கேட்டவுடன் காது கொடுத்த 'சட்டத்துக்கு'. பதிவை அழிக்காமல் வைத்திருந்த, கரடிகளை நம்பிய மென்பொருளுக்கும்தான். அறையில் வேறு நபர்கள் இருக்கிறார்கள் என்று அது சொன்னது. அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில்தான் கொஞ்சம் குழம்பிவிட்டது.

இனி உங்கள் வேலை. கேள்வியை அப்படியே தருகிறேன்.

7. ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 60. அகலம் 12. நீளம் என்ன?

[          ]

அவள் சார்பில் நிரப்பிவிடுங்கள். வாய்விட்டு மட்டும் சொல்லாதீர்கள். அவள் காதில் விழுந்தால் மறுபடி அழித்துவிடுவாள்.