கார்த்திகேசுவுக்காக எழுந்து நின்றவர்கள்

கைப்பேசியை மேடைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரை அழுத்தினாள் தினேஸ்வரி. "அப்பா, கேக்குதா?" என்றாள். மறுமுனையில், பத்து காஜா நகர மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அப்பாவின் காதோரம் போனைப் பிடித்திருந்த தம்பி ரூபன், "கேக்குதுக்கா, தலைய ஆட்டுறாரு" என்றான்.

அப்போதுதான் மேடையில் நின்ற எழுத்தாளர் வட்டச் செயலாளர் கனகராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். இன்று நம்மை விட்டுப் பிரிந்த எழுத்தாளர் கார்த்திகேசு அவர்களின் ஆன்மா சாந்தியடைய ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றார்.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. சிம்பாங் பூலாய் சமூக மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக வந்திருந்த, அரசப் பட்டம் வாங்கிய டத்தோவும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். தினேஸ்வரி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து நின்றால் அப்பாவைத் தானே கொன்றுவிட்டது போலாகிவிடும் என்று பட்டது.

மண்டபம் அடங்கிக் கிடந்தபோது அவள் கையிலிருந்த போனிலிருந்து ஓர் இருமல் வந்தது. நெஞ்சில் சளி புரளும் நீளமான இருமல். பக்கத்தில் நின்ற அம்மாள் கண்ணைத் திறந்து, "போன ஆஃப் பண்ணும்மா, செத்தவருக்கு ஒரு மரியாத வேணாமா?" என்று கிசுகிசுத்தார். இருமியவருக்குத்தான் அந்த மரியாதை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தினேஸ்வரி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கார்த்திகேசு இந்த எழுத்தாளர் வட்டத்துக்குப் புதியவர் அல்ல. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, பேரங்காடிக் காவலாளியாக வேலை பார்த்த காலம் முதலே அவர் இந்தக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார். நாற்காலி போடுவார், மைக்கைச் சரிபார்ப்பார், கடைசியில் தட்டுகளைப் பொறுக்குவார். கதை படிக்கிறவர்களின் வரிசையில் மட்டும் அவர் பெயர் வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் பொன்னாடை போர்த்தி, விருந்தினர் பேசி, நேரம் போய்விடும். அடுத்த தடவை கண்டிப்பாக அண்ணே என்பார் கனகராஜ். அப்பாவும் அதை நம்பிக்கொண்டு திரும்பி வருவார். அந்த நம்பிக்கையைப் பார்த்தால் தினேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறைதான் பெயர் போட்டிருந்தார்கள். பெயர் போட்ட வாரமே சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, கூடவே இருங்கள் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவள் கூடவே இருப்பதாகத்தான் இருந்தாள். அப்பாதான் விடவில்லை. "நீ போய்ப் படி. நான் இங்கேருந்து கேக்குறேன்" என்றார். மூடிப்போன பேரங்காடி ஒன்றை ராத்திரியெல்லாம் காவல் காக்கும் ஆளின் கதை அது. நாலு பேர் நடுவில் அது வாசிக்கப்படுவதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் அவருக்கு. அவளுக்கோ, படித்து முடித்துவிட்டு அவர் மூச்சு இருக்கும்போதே கட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

தாழ்வாரத்துக்கே ஓடி வந்த கனகராஜுக்கு, அப்பா பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவள் சொன்னதும் வேர்த்துவிட்டது. நடந்தது இதுதான். வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ மதியம் அப்பாவின் பழைய படத்தைப் போட்டு, குணமடையப் பிரார்த்திப்போம் என்று எழுதிக் கும்பிடும் கை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அடுத்து வந்தவர் படத்தையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டு 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு மேலே போய்ப் படிக்கப் பொறுமை இல்லை. எழுதுகிறவர்கள் ஆயிற்றே, படிப்பது அடுத்தவர் வேலை. ஓம் சாந்தி வரிசை கட்டி நின்றது.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேண்ணே" என்றாள்.

"எழவு வீட்டுக்குப் போன் போட்டு எப்படிம்மா கேக்குறது? நல்லாவா இருக்கும்?"

உண்மையிலேயே நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்தார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. உடனே மேடையேறித் திருத்துங்கள் என்றாள். டத்தோ அஞ்சலி செலுத்திவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார், அவர் பேசி முடிக்கட்டும், உன்னைக் கூப்பிடும்போது நானே சொல்லிவிடுகிறேன் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

போனில் அப்பாவின் மூச்சு கேட்டது.

"எல்லாரும் எழுந்து நின்னாங்களா?"

"நின்னாங்கப்பா."

"டத்தோவும்?"

"அவரும்தான். நான் வந்துர்றேன்பா. இவங்களும் வேணாம், இவங்க கூட்டமும் வேணாம்."

"வந்து என்ன செய்யப் போற? படிச்சிட்டு வா லா" என்றார். குரல் தேய்ந்து போயிருந்தது. ரூபன் போனை வாங்கி, இரு அக்கா, அவர் கேட்கணும்னு கிடக்கிறார் என்றான்.

அவள் உள்ளே போய், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டத்தோ பேசினார். தமிழ் வாழ்வது பற்றியும், தாம் சிறுவயதில் பட்ட கஷ்டம் பற்றியும் பேசினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். பிறகு, நிரலில் இல்லாத ஒன்றாக, கார்த்திகேசுவைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் அவரது ரப்பர் பால்மரக் கவிதைகளைப் புகழ்ந்தார். அப்பா வாழ்க்கையில் ஒரு கவிதை எழுதியதில்லை. மற்றவர், என்ன ஒரு பணிவு, இந்த மண்டபத்தில் அவர் போடாத நாற்காலி உண்டா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. யாரும் படித்ததில்லை.

இதையெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்து, அப்பா எப்படி இருக்கார் என்று மெல்லக் கேட்டாள். முழிச்சிருக்கார்க்கா, ஆனா மூச்சு ஒரு மாதிரியா இருக்கு, நர்ஸைக் கூப்பிடுறேன் என்றான் ரூபன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதே நேரம் மேடையிலிருந்து கனகராஜ் அவள் பெயரைச் சொன்னார். மறைந்த எழுத்தாளரின் மகள், தந்தையின் கடைசிக் கதையுடன் என்றார். சொல்கிறேன் என்று சொன்னதை அவர் சொல்லவில்லை.

வாசல் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம். படித்துவிட்டு வா என்ற குரல்தான் அவளை மேடைப் பக்கம் தள்ளியது. பாதிப் பேர் சாப்பிட மீகூன் வைத்திருந்த மேசைக்கு நகரத் தொடங்கியிருந்தார்கள். தாள்களையும் போனையும் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கப்பா சாகல" என்றாள். "பத்து காஜா ஆஸ்பத்திரியில இருக்காரு. நீங்க எழுந்து நின்னதையும் பேசுனதையும் எல்லாம் அவரு கேட்டுட்டுத்தான் இருக்காரு. இந்தக் கதைய நீங்க உக்காந்து கேக்கணும்னுதான் அவருக்கு ஆச."

மீகூன் மேசைப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. முதலில் யார் தட்டினார் என்று தெரியவில்லை. பின்வரிசையில் தொடங்கி மண்டபம் முழுக்கக் கைதட்டல் கிளம்பியது. டத்தோ சிரித்துக்கொண்டே தட்டினார். கனகராஜ் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். போனை ஆஃப் பண்ணச் சொன்ன அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையான சந்தோஷம் அது, அதில் சந்தேகமில்லை. அப்பாவுக்காக இப்படி யாரும் எப்போதும் தட்டியதில்லை. தினேஸ்வரி போனை எடுத்து, கையை நீட்டிக் கூட்டத்தின் பக்கம் காட்டினாள். சத்தம் ஓயும்வரை அப்படியே பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"கேட்டாராடா?"

மறுமுனையில் யாரோ கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கும் சத்தம்.

"ரூபன்."

"இல்லக்கா," என்றான். "நீ மேடைக்கு ஏறுறப்பவே அப்பா போயிட்டாரு."

கீழே எல்லாரும் திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். மேசைக்குப் போனவர்களும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரோ போய் மின்விசிறிகளின் வேகத்தைக் குறைத்தார், சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று. கனகராஜ் புன்னகையோடு, ஆரம்பிம்மா என்று கையைக் காட்டினார்.

தினேஸ்வரி போனை அணைத்துவிட்டு முதல் தாளை எடுத்தாள். மைக் அவள் உயரத்துக்கு எட்டாமல் தாழ்வாக இருந்தது. கொஞ்சம் குனிந்து நின்று படிக்கத் தொடங்கினாள்.